ஐம்பத்து மூன்று நிமிடம்

நாற்காலியில் ஏறி நின்று, சுவர் மணிக்கூட்டின் நிமிட முள்ளை அவள் விரலால் முன்னே தள்ளினாள்.

ஒரு மணித்தியாலம் தள்ள வேண்டும். கோடை வெளிச்சத்துக்காகக் கனடா அரசாங்கத்தின் ஏற்பாடு. அந்த மணித்தியாலத்தை மார்ச்சில் எடுத்துக்கொண்டு நவம்பரில் திருப்பித் தருவார்கள்.

ஐம்பத்து மூன்று நிமிடத்தில் விரலை எடுத்தாள்.

வழக்கமாக இது அவள் கணவரின் வேலை. இந்த வருடம் முழங்காலில் ஆபரேஷன். ஆகவே சோபாவில் இருந்தபடி வருடாந்த விரிவுரையை மட்டும் நிகழ்த்தினார். நன்மை: பின்னேர வெளிச்சம், மின்சாரம் மிச்சம். தீமை: ஒரு மணித்தியால நித்திரை நட்டம்.

எந்தப் பிழைக்கும் பழி அரசாங்கத்தின் தலையில் விழும் என்ற நன்மையை அவர் சொல்லவில்லை. அதை அவளாகக் கண்டுபிடித்தாள்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கைத்தொலைபேசியோ கைமணிக்கூடோ வைத்துக்கொள்ள மாட்டார். சுவர் மணிக்கூடுதான் வேதம். டொரொன்டோ ரயில்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் புறப்படுகின்றன என்று பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு.

பதினொரு வருடத்துக்கு முன், ஒட்டாவாவில், அவளுடைய ஒரே தங்கச்சி வதனிக்குக் கல்யாணம். காலை ஆறு மணிக்குக் கார் என்றார். அவள் சேலைக்கு ஊசி குத்தி முடிக்கையில் ஆறு மணி ஏழு நிமிடம்.

வாசலில் கார் இல்லை.

அவர் தனியே போய், வயிறாரச் சாப்பிட்டு, இரவு கேக் துண்டோடு திரும்பினார்.

“நேரமெண்டா நேரம்.”

மறுநாள், ஞாயிறு காலை. மொன்றியலில் சங்க விழா, அவருக்குப் பொன்னாடை. தெருமுனையில் ஒன்பதுக்கு பஸ். ஒருவருக்கும் காத்திராது, ஒருவரையும் கூப்பிடாது. சங்கத் தலைவர் என்ற முறையில் அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

கோட், டை, ஊன்றுகோல். மணிக்கூட்டில் எட்டு ஐம்பத்தைந்துக்கு, வழக்கம்போல, இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

“பஸ் போயிட்டுது. வங்கி வாசல்ல ஒன்பது ஏழு காட்டுது.”

சுவரைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

அரசாங்கம் எடுத்தால் ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஏழு நிமிடம் எடுக்காது. கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாதா?

சப்பாத்தோடேயே சோபாவில் இருந்து கேட்டார்.

“அண்டைக்கு வாசல்ல எவ்வளவு நேரம் நிண்டனீர்?”

“நீங்கள் வருமட்டும்.”

நவம்பரில் மணிக்கூட்டைத் தானே மாற்றப்போவதாக அவர் சொன்னார்.

அதற்கென்ன, நாற்காலியை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள் அவள்.