பஸ் ஏறும் வரை

பியூலா இறந்த வருடம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவில்லை. துக்க வீட்டில் தொங்கவிடுவதில்லை. ஆனால் பண்டிகை அன்று மதியம் ஆமோஸ் டிவியில் பென்டிரைவைச் செருகி, சத்தத்தைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தான்.

அவன் அக்கா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "ஏலே, உனக்குக் கிறுக்கா? பொண்டாட்டி போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள சினிமா கேக்குதோ? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

கல்யாணமானதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு இந்தப் படம்தான். ஆனால் கதாநாயகி சிவப்புக் குடையோடு பஸ் ஏறிக் கை காட்டியதும் பியூலா டிவியை அணைத்துவிடுவாள். "இனிமே அந்தப் பஸ்ஸு கவுந்துரும். சின்னப் புள்ளையில பாத்துட்டு நான் சாப்பிடவே இல்ல. நல்ல நாளும் அதுவுமா அவளைச் சாகடிக்கணுமா?" என்பாள். முடிவை அவன் பார்த்ததேயில்லை.

திட்டிக்கொண்டே நின்ற அக்கா, கதாநாயகி மாமியாரை எதிர்த்துப் பேசிய இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வாயைப் பாரு, பியூலா மாதிரியேல்லா" என்று சிரிக்கவும் செய்தாள். உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவப்புக் குடை மடங்கியது. கதாநாயகி பஸ் ஏறிக் கை காட்டினாள். ஆமோஸ் எழுந்து போய் சுவிட்சை அணைத்தான்.

"ஏலே, போடு. அப்புறம் அவ என்ன ஆனா?"

"பஸ் ஏறிட்டா."

"ஏறி?"

"ஏறிட்டாக்கா. படம் அவ்வளவுதான்" என்றான். சுவிட்சின் மேலிருந்து அவன் கையை எடுக்கவில்லை.