கீரை புகாத வீடு

அறையில் இருந்தவர்கள்: விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிக்க வந்த நர்ஸ். கட்டிலில் கணவன். கால்மாட்டில் மனைவி. நாற்காலியில், நெஞ்சில் செயற்கை வால்வும் நாக்கில் ஊர் நியாயமும் வைத்திருந்த நாத்தனார். ஐந்தாவதாக, கணவனின் இதயத்தோடு சேர்த்துத் தைத்த பம்பு. ஓயாமல் முனகுவதால் அதுவும் ஆள்கணக்கில் சேர்த்தி.

சில நாட்களாக அந்த முனகலில் ஒரு கரகரப்பு. மனைவிதான் முதலில் கேட்டாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். தூக்கத்திலும் காது தப்பு தேடும்.

அடுத்து அவன் சிறுநீர் கட்டன் டீயாகக் கறுத்தது.

நர்ஸ் சோதனைக் கருவியைப் பார்த்தாள். அவன் இடுப்புப் பெட்டியின் திரையில், பம்பு இழுக்கும் மின்சார அளவைப் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பம்புக்குள்ள ரத்தம் கட்டுது போல. மாத்திரை விட்டுப்போச்சா?"

கணவன் விட்டத்தைப் பார்த்தான். "அவதான் குடுக்கிறா."

நாத்தனாருக்கு அது போதும். "ஏம்மா, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிறேன்னு சொன்னியே, இதுதானா அந்த லட்சணம்?"

மனைவி மாத்திரை டப்பாவைத் திறந்து நர்ஸிடம் நீட்டினாள். ஒவ்வொரு வேளையும் அவன் விழுங்கியபின் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தவள் அவள்.

"சரி, கீரை?" என்றாள் நர்ஸ்.

"இந்த வீட்டுப் படி ஏறலை," என்றாள் மனைவி.

உண்மைதான். ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் அந்த மாத்திரைக்கும் கீரைக்கும் ஏழாம் பொருத்தம்; கீரை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அளவோடு சாப்பிடலாம் என்றார் டாக்டர். அறவே கூடாது என்றாள் நாத்தனார். வால்வுக்காக அவளும் அதே மாத்திரைதான். "என் வீட்டுல கீரைக்காரி நிழல்கூட விழாது" என்பதை ஒரு பட்டம் போலச் சொல்லுவாள். கேட்டுக்கொண்டு மனைவியும் கீரையை மறந்தாள், தனக்கும் சேர்த்து.

"வெளியில எங்கயாவது சாப்பிடுறீங்களா?"

"மதியம் அக்கா வீட்டுல," என்றான் கணவன்.

"ஆமா, தினமும் என் கையாலதான்," என்றாள் நாத்தனார், முந்திக்கொண்டு.

"மறைக்காதீங்க சார், உசிர் விஷயம். அங்க கீரை உண்டா?"

பம்பு கரகரத்தது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"தினமும்."

"அவ்வளவுதான், பிடிபட்டுச்சு!" நர்ஸுக்கு முகம் மலர்ந்தது.

மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"உங்க வீட்டுலயா அண்ணி?"

"அவன் வாய்விட்டுக் கேட்டான்மா. கூடப்பொறந்தவ, நான் என்ன செய்ய?"

"எதைக் கேட்டார்? கீரையையா, பொய்யையா?"

நாத்தனார் முந்தானையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

கணவன் சுவரிடம் சொன்னான்: "அங்க சமைக்கிறவளுக்கு இந்தப் பத்தியமெல்லாம் தெரியாது. பம்பு வெச்சதும் குணமாயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன். அங்க போனா நான் நோயாளி இல்லை."

நர்ஸ் தன் பையை மூட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் மூடினாள்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவனைத் தூக்கிப் போனார்கள். மனைவி ஒன்றையும் விடாமல் ஒரு பையில் எடுத்துவைத்தாள்: மாற்று பேட்டரிகள், மாத்திரை டப்பா, கட்டிலருகே சுவரில் செருகியிருந்த சார்ஜர்.

"பம்பு பயிற்சி எடுத்தது நீங்கதானேம்மா? வாங்க," என்றாள் நர்ஸ்.

மனைவி பையை நாத்தனார் தோளில் மாட்டினாள்.

"இவங்களுக்குச் சொல்லிக்குடுங்க சிஸ்டர். போற வழியில இன்னொரு வீடு இருக்கு, அண்ணிக்கு வழி தெரியும். அங்க இருக்கிறவங்களையும் ஏத்திக்குங்க. அவங்களும் கத்துக்கட்டும்."

நாத்தனார் வாசலில் செருப்பைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே மனைவி உள்ளிருந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.

இன்னொரு சாவி அவன் சட்டைப்பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. உள்தாழ்ப்பாளையும் போட்டாள்.