பெட்டிக்கடை மாத்திரை

"அந்தக் கண்ணாடியக் கழட்டி வைடி. பொண்ணு பாக்க களம்பூர்க்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. கல்யாணம் முடியற வரைக்குமாவது போடாத" என்று செல்லம்மாள் மகளிடம் கிசுகிசுத்தாள்.

"கண்ணாடி இல்லாம தறியில உக்காந்தா தலைவலி வரும்மா. அப்புறம் மறுபடியும் மாத்திரைதான்" என்றாள் கெங்கா.

செல்லம்மாள் காபித் தம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள். போன வருஷம் தறியில் உட்கார்ந்திருந்த மகள் ரத்தமாக வாந்தி எடுத்தது இன்னும் அவள் கண்ணிலேயே நின்றது. தலைவலி, தலைவலி என்று பெட்டிக்கடை மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி, இரைப்பை புண்ணாகியிருந்தது. வயிற்றைச் சரிசெய்த வேலூர் டாக்டர்தான், "கோளாறு கண்ணுலம்மா" என்று கண்ணாடி போடச் சொன்னார்.

போட்ட கண்ணாடியோடு காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள் கெங்கா.

மாப்பிள்ளை ஜெயச்சந்திரன் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுபவன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சூடாக வைத்த பஜ்ஜியை அவன் தொடவே இல்லை.

"பொண்ணுக்குப் பார்வை கம்மியா?" என்று கேட்டாள் அவன் தாய் முனியம்மா.

கெங்காவே முன்வந்து தலைவலி, மாத்திரை, ரத்த வாந்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொழச்சு வந்ததே பெருசுங்க. இனிமே கண்ணாடி இல்லாம இருக்க மாட்டேன். புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

முனியம்மா முகம் வாடி மகனைப் பார்த்தாள்.

"போதும்மா" என்றான் அவன்.

செல்லம்மாள் வெற்றிலைத் தட்டை மெல்ல உள்பக்கம் நகர்த்தினாள்.

"போதும்மா, உன் பேச்சக் கேட்டது. அந்தப் பைய இப்படிக் குடு."

தாயின் பைக்குள் கைவிட்டுத் தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜெயச்சந்திரன் முதல் தடவையாகக் கெங்காவின் முகத்தை நன்றாகப் பார்த்துச் சிரித்தான்.

"இத போட்டா யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு, பொண்ணு தேட ஆரம்பிச்சதிலேர்ந்து எங்கம்மா புடுங்கி வெச்சிகினு இருக்குதுங்க. எனக்கும் அதே தலைவலி, அதே மாத்திரை, வயிறெல்லாம் எரியுது. அந்த வேலூர் டாக்டர் எங்க இருக்காருன்னு சொல்லுங்க, கல்யாணத்துக்குள்ள சரிபண்ணிகினு வந்துடறேன்."