பெயர் நீக்கப்பட்ட குரல்

வேலை முடிந்து வந்த வின்ஸ்டன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து, சொன்னால் பாட்டுப் போடும் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினான்.

"ஏனுங்க, கேட்டுட்டு இருக்கேன்ல!" என்றாள் மனைவி அருள்செல்வி.

"நாம பேசறதையெல்லாம் இது கம்பெனிக்கு அனுப்புது, செல்வி."

"அனுப்பட்டுமுங்க. கொழம்புக்கு உப்புப் போட்டனா இல்லையான்னு பேசறதை எவன் உக்காந்து கேக்கப்போறான்?"

"கேக்கறதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்க. பேரையெல்லாம் நீக்கிப்போட்டுக் குரலை மட்டும் குடுப்பாங்க. அதைக் கேட்டு எழுதோணும்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லலை. என்ற புது வேலையே அதுதான். வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க." பிடுங்கிய ஒயரைச் சுற்றி வைத்தான். "இன்னிக்கு ஒரு பொம்பளை போன்ல பேசி அழுகுது. 'அக்கா, மார்ல கட்டி இருக்குது. நாளைக்கு டெஸ்ட்டு. அவருகிட்டச் சொல்லிப்போடாத, பயந்துக்குவாரு'ன்னு."

அருள்செல்வியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அதை... எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"சரியாக் கேக்கலைன்னு எழுதிப்போட்டேன்," என்றான் வின்ஸ்டன். "நாளைக்கு எத்தனை மணிக்கு? நானும் வாரேன்."