நான்கு ஒயர்கள்

என் டாக்சி உதறுகிறது என்று போனால், மூன்று பட்டறைகளிலும் சோதித்துப் பார்க்காமலே எஞ்சினை மாற்றச் சொன்னார்கள். முதல் பட்டறைக்காரன் சிரித்தே விட்டான். "செத்த எஞ்சினுக்கு வைத்தியமா, ராம்பாய் அக்கா?"

தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் டாக்சி ஓட்டுகிறவள் நான். வண்டியில் குடியிருந்து காக்கும் அம்மனுக்குக் கண்ணாடியில் மாலை மாட்டாமல் ஒருநாளும் சாவியைத் தொட்டதில்லை. நான்காவது பட்டறையில் மெக்கானிக் விச்சித்திடம் கறாராகச் சொன்னேன். "எது கெட்டுச்சுன்னு மொதல்ல கண்டுபிடி. அப்புறம் ஸ்பேனரைத் தொடு."

எஞ்சினை ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். "எதைக் கழட்டினா சத்தம் மாறலையோ, அந்த சிலிண்டர்தான் அவுட்டு அக்கா."

முதல் ஒயரைக் கழற்றினான். சத்தம் மாறவில்லை. இரண்டாவதற்கும் மாறவில்லை. நான்கையும் கழற்றிவிட்டான். இத்தனை நாள் இருந்த உதறல் நின்று எஞ்சின் சீராக ஓடியது. சாவியையும் உருவினான். அப்போதும் ஓடியது.

விச்சித் கண்ணாடியில் தொங்கிய மாலையைப் பார்த்துக் கைகூப்பினான். "நாலுமே செத்துப்போச்சுக்கா. எஞ்சினை மாத்திடுங்க."

"செத்ததா இப்படி ஓடுது? போடா!"

ஒயர்களை மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நேராக முதல் பட்டறை வாசலில் போய் நிறுத்தினேன். ஹாரனை அழுத்த நான் கையைத் தூக்குமுன், அது நீளமாக அடித்தது.