பகலில் சாத்திய கதவு

இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையான லயத்தில், மார்ஜரி கதவைத் திறக்கிறாள். மாலை வெயில் முகத்தில் அறைகிறது. குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறைந்த வாளி வழிந்துகொண்டிருக்கிறது. ஆண்கள் வீட்டில் மனைவிமேல் ஏன் கை நீட்டுகிறார்கள், அதை எப்படித் தடுக்கலாம் என்று ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் அவள். பேசுகிறவளுக்குத் தனிமை வேண்டும் என்று படித்திருந்தாள். அதனால் சவரியம்மாவின் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் கேட்டாள். லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை என்பது அவள் படிக்காதது. வாசலில் சவரியம்மாவின் கணவன் ரபாயேல் மண்வெட்டியோடு குந்தியிருக்கிறான். சிரிக்கிறான்.

“என்னா மிஸ், கதவ சாத்திக்கிட்டு அப்பிடி என்னா கத? நமக்கும் சொல்லுங்க.”

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள்.

“சும்மா, புள்ளைங்களப் பத்திக் கேட்டாங்க,” என்கிறாள் சவரியம்மா. முந்தானையை இழுத்து மணிக்கட்டின் கன்றலை மூடுகிறாள். பிறகு மார்ஜரிக்கு மட்டும் கேட்கும்படி, “தொறந்தே வச்சிருக்கலாம் மிஸ். யாரும் திரும்பிக்கூட பார்த்திருக்க மாட்டாங்க,” என்கிறாள்.

மார்ஜரி படி இறங்குகிறாள். ரபாயேல் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து, செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுச் சவரியம்மாவைத் தொடர்ந்து உள்ளே போகிறான். மார்ஜரி குழாயடியைத் தாண்டுகையில் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. அப்போதுதான் ஒருத்தி குனிந்து வாளியை நகர்த்துகிறாள்.