நாலு துண்டும் ஒரே துண்டும்

குடலுக்குள் போய்க் கட்டிகளைப் பறித்து வரும் சுருக்குக் கம்பிக்குத் தன் வேகத்தில் ஏகப்பட்ட கர்வம். பட்டாணி அளவுக் கட்டியென்றால் கழுத்தில் சுருக்கைப் போட்டு ஒரே இழுப்பு. பெரிய கட்டியென்றால் நாலு துண்டு.

அன்றைக்கு வந்தது, குட்டித் தோசை மாதிரி படர்ந்த கட்டி. டாக்டர் நாச்சம்மை கம்பியை விட்டுவிட்டு, எறும்புக் கால் நீளமே இருந்த மின்கத்தியை எடுத்தார்.

"இவனா? சாயங்காலம் ஆயிடுமே!" என்றது கம்பி.

"ஆகட்டும் அண்ணே" என்றது கத்தி.

ஊசி, கட்டிக்கு அடியில் நீல மருந்தை ஏற்றியது. கட்டி உப்பி எழுந்தது. அந்த நீலத்துக்குள் கத்தி நுழைந்தது. மயிரிழை மேலே போனால் கட்டி கிழியும். மயிரிழை கீழே போனால் குடல் சுவரே ஓட்டையாகிவிடும். திரையில் பார்த்துக்கொண்டிருந்த கம்பி கேலியை மறந்தது, நேரத்தையும் மறந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்துக் கட்டி ஒரே துண்டாக வந்தது. டாக்டர் அதை அட்டையில் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தினார்.

"பாருங்க சிஸ்டர், ஓரம் முழுக்கத் தெரியுது. உள்ளே மிச்சம் இருக்கா இல்லையான்னு லேப்ல சொல்லிடுவாங்க."

போன மாதம் தான் கொண்டுவந்த நாலு துண்டுகள் கம்பிக்கு நினைவு வந்தன. "இதுல எது ஓரம்?" என்று டாக்டர் கேட்டிருந்தார். யாராலும் சொல்ல முடியவில்லை. உள்ளே மிச்சம் இருக்குமோ என்று அந்த நோயாளி இன்னும் பயந்துகொண்டிருக்கிறார்.

அடுத்தவருக்குப் பட்டாணி அளவுக் கட்டிதான். டாக்டர் கம்பியை எடுத்தார். சுருக்கு மெல்ல விரிந்தது, மெல்ல இறுகியது.

"என்னண்ணே, இவ்வளவு நிதானம்?" என்றது கத்தி.

"பேசாம இரு. பக்கத்துல சுவர் இருக்கு."